கெண்டைக்கால் பிடித்தால் நடையை விட்டுவிடாதீர்கள்

கழுகுமலையில் கிரிவலப் பாதையில் பாதி தூரத்திலேயே கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். சில நிமிடம் நின்றால் வலி விடும். நடந்தால் மறுபடி பிடிக்கும். 'நரம்பு இழுக்குது' என்று தைலம் தேய்த்துவிட்டு, நடப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அடைபட்டாலும் வலி இப்படித்தான் வரும். பீடி, சிகரெட், சர்க்கரை நோய் மூன்றும் அதற்கு முக்கியக் காரணங்கள்.

வெறுமனே 'கால்வலி' என்று சொன்னால் வலி மாத்திரையோடு அனுப்பிவிடுகிற இடங்கள் உண்டு. அதனால் கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கோ வேறெங்கோ போகும்போது, எவ்வளவு தூரம் நடந்தால் வலிக்கிறது, நின்றால் எத்தனை நிமிடத்தில் விடுகிறது என்று சொல்லுங்கள். கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து வருவது 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளிடம் இந்த எண் ஏமாற்றக்கூடும். டாப்ளர் ஸ்கேனும் தேவையா என்று கேளுங்கள்.

அடைப்புக்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையை இப்போதே வாங்கிவிட வேண்டும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு அட்டை மையத்துக்குப் போக வேண்டும். ஒரு சான்றுக்கு நோயாளியைத் திரும்பத் திரும்ப அலையவிடுவது என்ன நியாயம்? ஆனாலும் அறுவை சிகிச்சை என்று சொன்ன பிறகு ஓடினால் அதைவிடத் திண்டாட்டம்.

மருத்துவர் சம்மதித்த பின் சமதரையில் நடங்கள். வலி ஓரளவு கூடும் வரை நடந்து, நின்று, முழுதும் விட்டதும் மறுபடி நடங்கள். ஓய்வையும் சேர்த்து 30 நிமிடத்தில் தொடங்கி 45 நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். வாரம் 3 நாளாவது, குறைந்தது 12 வாரம். இந்த வலி காலைக் கெடுப்பதில்லை. பழகப் பழக வலியில்லாமல் நடக்கும் தூரம் கூடும். நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்துங்கள். பீடியை விடாமல் நடந்தால், நடை கொடுப்பதைப் பீடி பறித்துக்கொள்ளும்.

தீப்பெட்டி ஆபீசில் மணிக்கணக்கில் உட்காருகிறவர்கள் அடிக்கடி எழுந்து நடந்து, கணுக்காலை மேலும் கீழும் அசைக்க வேண்டும். நரம்புச்சுருட்டுக்கு என்று விற்கும் இறுக்கமான காலுறையைப் பரிசோதிக்காமல் போடாதீர்கள். தமனி அடைப்பு இருந்தால் அது ஆபத்து. கரிசல் காட்டில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். கால் மரத்தவர்கள் வெந்நீர் ஒத்தடமும் வைக்கக் கூடாது. ஆறாத புண்ணோ, படுத்திருக்கும்போதே கால்வலியோ இருந்தால் பயிற்சி வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

கால் திடீரென்று சில்லிட்டு வெளுத்து மரத்துப்போனால் தைலம் வேண்டாம், ஒத்தடம் வேண்டாம், விடியட்டும் என்ற காத்திருப்பும் வேண்டாம். சில மணி நேரத்தில் கால் போய்விடும்; 108-ஐ அழையுங்கள்.