திரும்பிப் படுக்க இடமில்லை!

வளைகாப்பு நடக்கும் மண்டபங்களில் எனக்கென்று ஓர் இடம் உண்டு. பந்தி ஹாலுக்கு வெளியே, செருப்புகள் குவிந்து கிடக்கும் மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அங்கே உட்கார்ந்தால் யாரும் வந்து கேள்வி கேட்கமாட்டார்கள் என்பது ஒன்பது வருஷ ஆராய்ச்சியில் நான் கண்டுபிடித்த உண்மை. 2025 தை மாசக் கடைசியில் நடந்த ஒரு வளைகாப்பில் அந்தக் கண்டுபிடிப்பும் பொய்த்துப் போனது. அத்தை அங்கேயே வந்துவிட்டாள்.

"ஏண்டா, ரெண்டு பேரும் மலேசியா போனீங்களாமே?"

"ஆமா அத்தை."

"இந்த வயசுல கோயில் குளம்னு போகாம ஊர் சுத்தினா எப்படிடா?"

"கோயிலுக்கும்தான் போனோம் அத்தை. பத்துமலை முருகன்."

"வயலூர்லயும் முருகன்தானே இருக்கார்? சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேருந்து டவுன் பஸ் போவுது. முருகனைப் பார்க்க ஏரோப்ளேன் எதுக்கு?"

திருச்சிக்காரன் எவனும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. ஆனால், எதுக்கு என்று உங்களுக்குச் சொல்லலாம்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். குழந்தை இல்லை. சோதனைக்குழாய் வைத்தியம் இரண்டு தடவை செய்து பார்த்தாயிற்று. நான் பி.காம். ஆசாமி. எதையும் பற்று, வரவு என்று இரண்டு பத்தி பிரித்து எழுதினால்தான் எனக்குத் தூக்கம் வரும். முதல் தடவை 1,60,000. இரண்டாம் தடவை 1,85,000. இதெல்லாம் பற்றுப் பக்கம். வரவுப் பக்கம் வெள்ளைத்தாள். மூன்றாவது தடவைக்கென்று இரண்டு லட்சத்தை பாங்கில் ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போட்டு வைத்திருந்தேன்.

இரண்டாவது தடவையும் இல்லை என்று தெரிந்தது 2023 ஆகஸ்டில். அதற்கப்புறம் வீட்டில் ஒரு புது ஏற்பாடு தானாகவே அமலுக்கு வந்தது. அவள் ஹாலில், டி.வி.க்கு முன்னால். நான் உள்ளே, லேப்டாப்புக்கு முன்னால். சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. "சாப்பாடு எடுத்து வைக்கவா?", "ம்" என்பதோடு அன்றைய பேச்சுவார்த்தை முடிந்துவிடும்.

இந்த நேரத்தில்தான் ஆபீஸ் நண்பர் ஒருவர் கட்டுப் பிரிக்காத டென்ட் ஒன்றை என் தலையில் கட்டினார். இமயமலைக்குப் போவதாக வாங்கினாராம். அவர் வீட்டம்மா, "அதுல நீங்க மட்டும் படுங்க" என்று சொல்லிவிட்டாராம். 1,500 ரூபாய். இருவர் படுக்கும் டென்ட். நீளம் ஏழடி, அகலம் நாலரையடி. அந்த நாலரையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அக்டோபரில் கொல்லிமலை போனோம். 70 கொண்டை ஊசி வளைவுகள். என் சகதர்மிணி கணக்கு டீச்சர். அதனால் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தாள். 43-ல் எண்ணுவதை நிறுத்திவிட்டு எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பித்தாள். காட்டுக்குள் கண்ட இடத்தில் டென்ட் அடிக்க முடியாது. வனத்துறை பிடித்துவிடும். அதனால் மிளகுக்கொடி படர்ந்த ஒரு சில்வர் ஓக் தோட்டத்தில், தோட்டக்காரரிடம் சொல்லிக்கொண்டு இறங்கினோம்.

டென்ட்டோடு வந்த விளக்கத்தாள் சீன மொழியிலும், சீன மொழி மாதிரியே இருந்த ஆங்கிலத்திலும் இருந்தது. ஒன்றரை மணி நேரம் போராடி நிறுத்தினோம். உள்ளே போய்ப் படுத்த பிறகுதான் தெரிந்தது, தலை பள்ளத்தில், கால் மேட்டில்! சிரசாசனத்துக்கும் சயனத்துக்கும் நடுவே ஒரு நிலை.

ராத்திரி இரண்டு மணி இருக்கும்.

"ஏங்க, தண்ணி பாட்டிலை மூடலையா?"

"மூடிட்டேனே."

"அப்ப முதுகுக்குக் கீழே இது என்ன?"

அது வடகிழக்குப் பருவமழை. டென்ட்டுக்கு அடியில் விரிக்கிற தார்ப்பாயை, நான் தாராள மனசோடு நாலு பக்கமும் ஓரடி வெளியே நீட்டி விரித்திருந்தேன். அது தப்பு. மேலே கூரையில் விழுகிற மழை வழிந்து அந்த நீட்டிய பகுதியில் இறங்கி, நேராக நமக்கு அடியில் வந்து குளம் கட்டும். தார்ப்பாய் டென்ட்டை விடக் கொஞ்சம் உள்ளடங்கியிருக்க வேண்டும். இந்த ஞானம் எனக்கு ஜட்டி வரை நனைந்த பிறகு வந்தது.

இரண்டு பேரும் ஈரப் போர்வைக்குள் குந்தி உட்கார்ந்திருந்தோம். அவள் முதலில் லேசாகக் குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து டார்ச் அடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்! ஆகஸ்டுக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. மறுநாள் இறங்கும்போது 70 வளைவுகளையும் விடாமல் எண்ணினாள்.

அடுத்த வருஷம் ஏப்ரலில் ஒருநாள், தோசை வார்த்துக்கொண்டே, "அந்த டெபாசிட்ல கொஞ்சம் எடுத்து வெளிநாடு போலாமா?" என்றாள். எந்த டெபாசிட் என்று நான் கேட்கவில்லை. இருந்தது அந்த ஒன்றுதான்.

எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் அவள் ஒரு பத்திரிகைப் படம் ஒட்டி வைத்திருப்பாள். கொச்சியில் டீக்கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதி. பெயர் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ். தினம் 300 ரூபாய் எடுத்து வைப்பார்கள். போதாததற்குக் கடன் வாங்கி வெளிநாடு போவார்கள். திரும்பி வந்து டீ ஆற்றி அந்தக் கடனை அடைத்துவிட்டு, அடுத்த நாட்டுக்குக் கடன் வாங்குவார்கள்! இப்படியே 25 நாடுகளுக்கு மேல் பார்த்துவிட்டார்கள். 2021-ல் ரஷ்யா போய்விட்டு வந்தார்கள். அந்த நவம்பரிலேயே விஜயன் காலமானார். "நம்ம கணக்குப்படி அவங்க திவால் பார்ட்டி இல்லையா?" என்று என் மனைவி என்னைக் கிண்டல் செய்வதுண்டு.

மலேசியாவைத் தேர்ந்தெடுத்ததில் காவியக் காரணம் ஏதுமில்லை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு அங்கே விசா வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள். திருச்சியிலிருந்தே நேர் விமானம். நாலு மணி நேரம். மதுரைக்கு பஸ்ஸில் போய்ச் சேருவதற்குள் கோலாலம்பூரே வந்துவிடும் என்று சொல்ல ஆசை, ஆனால் கணக்குப் பிள்ளை பொய் சொல்லக் கூடாது. டூர் பேக்கேஜாக வாங்கினால் அப்போது 5 சதவிகிதம் டி.சி.எஸ். பிடித்தார்கள். பின்னால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்தான். ஆனாலும் கையிலிருந்து போவது போவதுதானே? நானே டிக்கெட், நானே ரூம், நானே பஸ் என்று ஏற்பாடு செய்தேன். 2024 செப்டம்பரில் ஏழு நாள். இரண்டு பேருக்கும் சேர்த்து 87,000 சொச்சம்.

பத்துமலையில் 272 படி. வானவில் மாதிரி வர்ணமடித்த படிகள். பக்கத்தில் தங்க நிறத்தில் 140 அடி முருகன். கால் வலித்தது. குரங்கு என் வாழைப்பழத்தைப் பிடுங்கியது. இரட்டைக் கோபுரத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம். கழுத்து வலித்தது. கோலாலம்பூர் பற்றி வேறு விசேஷமில்லை. சாயங்காலமானால் ரூமுக்கு வந்துவிடுவோம். ரூமில் இலவச வைஃபை! அதுதான் வினை. பெரிய கட்டில். ஆளுக்கொரு ஓரம், ஆளுக்கொரு போன். திருச்சி வீட்டின் ஹாலையும் ரூமையும் விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்த மாதிரி இருந்தது.

ஐந்தாம் நாள் கேமரன் மலைக்கு பஸ் ஏறினோம். ஏறக்குறைய 5,000 அடி உயரம். வளைந்து வளைந்து பஸ் ஏறினால் நம் வால்பாறைதான். 1929-லிருந்து அங்கே தேயிலை போடுகிறார்கள். தாய்லாந்துப் பட்டை உலகமெங்கும் விற்றுப் பெயர் வாங்கிய ஜிம் தாம்ஸன் என்ற அமெரிக்கர், 1967 மார்ச்சில் இந்த மலைக்கு ஓய்வெடுக்க வந்தவர், தங்கியிருந்த பங்களாவிலிருந்து காலாற நடந்து போனார். போனவர் போனவர்தான். இத்தனை வருஷமாகியும் ஆள் என்ன ஆனார் என்று தெரியவில்லை. இதைப் படித்துக் காட்டியதும் என் மனைவி, "நீங்க தனியா வாக்கிங் போகாதீங்க. ரிட்டர்ன் டிக்கெட் வேஸ்ட்டாயிடும்" என்றாள்.

தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் வழியில், அவித்த சோளமும் டீயும் விற்கும் ஒரு சின்னக் கடை. எழுபது வயசு இருக்கும் அம்மா ஒருவர். தமிழ்க்குரல் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்கேருந்து வரீங்க?"

"திருச்சி."

"எங்க தாத்தா முசிறிப் பக்கமாம். நான் பார்த்ததில்ல. பிள்ளைங்க எத்தனை?"

கடல் தாண்டி வந்தாலும் விடாது போலிருக்கிறதே! எனக்கு உடம்பு விறைத்தது. அடுத்து எந்த டாக்டர், எந்தக் கோயில், ராமேஸ்வரம் போனீங்களா, அரச மரம் சுத்தினீங்களா... வரிசை எனக்கு மனப்பாடம்.

"இல்லம்மா" என்றாள் என் மனைவி.

"ஓ... டீ ஆறிப் போவுது, குடிங்க" என்றார் அந்தம்மா. அவ்வளவுதான். அப்புறம் முசிறியில் ஆறு இருக்கிறதா, எவ்வளவு அகலம் என்று விசாரித்தார். காவிரியைப் பற்றி கால் மணி நேரம் பேசினோம். கிளம்பும்போது ஒரு சோளத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

ராத்திரி ரூமில் போனை ஓரமாக வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "அந்தம்மா 'அடடா'ன்னு சொல்லலை. கவனிச்சீங்களா?"

கவனித்திருந்தேன். ஆனால் மேற்கொண்டு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. விளக்கை அணைத்துவிட்டேன். பெரிய கட்டிலில் அவரவர் ஓரம் இருந்தது.

அந்தப் பேச்சின் மீதி நடந்தது கொழுக்குமலையில், பொங்கல் லீவில்.

கொழுக்குமலை நம் தேனி மாவட்டம். ஆனால் ஜீப் ரோடு கேரளாவின் சூரியநெல்லி வழியாகத்தான். போடிமெட்டு ஏறி, பூப்பாறை போய், அங்கிருந்து சூரியநெல்லி. அப்புறம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். ரோடு என்று சொல்வது மரியாதைக்கு. கற்களின் மாநாடு. ஜீப்பை விட்டு இறங்கியபோது என் இடுப்பு என்னிடம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சுமார் 8,000 அடி உயரம். எஸ்டேட் இடத்தில் வரிசையாக டென்ட்டுகள். நாங்கள் எங்கள் கொல்லிமலை வீரனையே கொண்டு போயிருந்தோம்.

ஜீப் டிரைவர் விளிம்பில் நின்று கீழே கையைக் காட்டினார். "அதுதான் குரங்கணி." மேற்கொண்டு சொல்லத் தேவையிருக்கவில்லை. 2018 மார்ச் 11. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் கூட்டம் காட்டுத் தீயில் சிக்கிக்கொண்டது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் ஆபீஸ் வேலைக்காரர்கள். சனி ஞாயிறுக்கு என்று வந்தவர்கள். அதில் புதுசாகக் கல்யாணமானவர்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசாங்கமே 40 பாதைகளை அறிவித்து, ஆன்லைனில் பதிவு, கூடவே உள்ளூர் வழிகாட்டி என்று ஒழுங்குபடுத்தியது. "நமக்குத் தெரியாத வழியா?" என்று கிளம்புகிற ரகமாக இருந்தால், ஒருமுறை அந்த விளிம்பில் நின்று பாருங்கள். நாங்கள் ரொம்ப நேரம் பேசாமல் நின்றிருந்தோம்.

ராத்திரி குளிர் பல்லைத் தந்தியடிக்க வைத்தது. இப்போது நான் அனுபவஸ்தன். சமதளம் பார்த்து, தார்ப்பாயை மடித்து, அடியில் தடிமனான ஃபோம் பாய் இரண்டு போட்டிருந்தேன். மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும், கீழே பாய் இல்லாவிட்டால் தரை நம் சூட்டை உறிஞ்சிவிடும். குளிருக்குப் பயந்து ஜன்னல் வலையை முழுசாக மூடவும் கூடாது. நாம் விடுகிற மூச்சே கூரையில் ஈரமாகப் படிந்து நம்மீதே சொட்டும்.

பக்கத்து டென்ட் பையன்கள் பதினோரு மணிக்கு ஸ்பீக்கரை அணைத்தார்கள். அதன் பிறகு காற்று மட்டும். போனில் சிக்னல் இல்லை. நாலரையடி அகலத்தில் ஒருவர் திரும்பிப் படுக்க வேண்டுமானால் இன்னொருவரிடம் சொல்லிவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

"மூணாவது தடவை வேணாம்னு நீங்க சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டே இருக்கேன்" என்றாள் இருட்டில்.

"நானா? உனக்கு ஆசைன்னு நினைச்சுத்தானே பணத்தைத் தனியா போட்டு வெச்சேன்!"

"நீங்க போட்டு வெச்சதைப் பார்த்துத்தான், உங்களுக்கு ஆசைன்னு நான் நினைச்சேன்."

ஒன்றரை வருஷமாக ஒரே தொகையை இரண்டு பேரும் அடுத்தவர் கணக்கில் எழுதி வைத்திருக்கிறோம்! ஆடிட்டில் இந்தத் தப்பை நான் உடனே கண்டுபிடித்திருப்பேன்.

"ஊசிக்கெல்லாம் எனக்குப் பயமில்லைங்க. அப்புறம் ரிசல்ட்டுக்காக ஒரு பதினாலு நாள் காத்திருக்கணுமே... அதை மறுபடி தனியா இருக்க என்னால முடியாது."

தனியாக. அந்தப் பதினாலு நாளும் நான் பக்கத்து ரூமில்தான் இருந்தேன். இரண்டு தடவையும். திரும்பிப் படுத்துக்கொள்ளத் தோன்றியது. இடமில்லை. அதனால் பேசினேன். என்ன பேசினேன் என்பது பத்திரிகைக்கு வேண்டாமே. விடிய ஐந்து மணிக்கு, சூரியோதயம் பார்க்க ஜீப்புகள் வரும் சத்தம் கேட்டபோதும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். காலடியில் மேகம், பக்கத்தில் மீசைப்புலிமலை, நடுவில் சிவப்பாகச் சூரியன். எல்லோரும் செல்ஃபி எடுத்தார்கள். என் மனைவி மட்டும் நின்றபடி தூங்கி வழிந்தாள்.

வேண்டும், வேண்டாம் என்று இன்னும் முடிவாகவில்லை. டெபாசிட்டில் மீதி அப்படியே இருக்கிறது. டென்ட் பரணில் இருக்கிறது.

வளைகாப்பு வீட்டுக்கு வருவோம். இவ்வளவையும் அத்தையிடம் நான் சொல்லவில்லை. டென்ட் பற்றி மட்டும் சொன்னேன். கொல்லிமலை மழையைச் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உங்க மாமா இருந்தவரைக்கும் என்னை சமயபுரம் தாண்டிக் கூட்டிட்டுப் போனதில்லடா. அந்தக் கொல்லிமலையில அறப்பளீஸ்வரர் கோயில் இருக்குதாமே? உங்க டென்ட்டுல மூணு பேரு படுக்கலாமா?"

எப்போது வந்து நின்றாளோ, பின்னாலிருந்து என் மனைவி சொன்னாள்:

"படுக்கலாம் அத்தை. ஆனா, திரும்பிப் படுக்க முடியாது. பரவாயில்லையா?"