கடைசி ஆளாக ஒரு சைக்கிள் பயணம்

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் சமதரையில் சைக்கிள் ஓட்டிய தைரியத்தில், வேலை நிமித்தம் லண்டன் வந்த நான் ஒரு சைக்கிளோட்டக் குழுவுடன் சர்ரே குன்றுகளுக்குக் கிளம்பினேன்.

குறுகலான கிராமத்துச் சாலைகள். இருபுறமும் ஆளுயர வேலிச்செடிகள். முன்னால் போகிறவர் குழியைக் கையால் காட்டுவார். கார் வந்தால் குரல் கொடுப்பார். அந்தக் குரல் வரிசையின் கடைசிவரை கைமாறி வரும். குதிரையில் வருவோரைக் கண்டால் எல்லாரும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள்.

பிறகு வந்தது பாக்ஸ் ஹில். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆண்கள் சாலைப் பந்தய வீரர்கள் 9 முறை ஏறிய குன்று. எனக்கு ஒருமுறைக்கே மூச்சு முட்டியது. கால்வலியைவிட, எல்லாரையும் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம்தான் வாட்டியது.

“நீங்கள் போங்கள், நான் மெதுவாக வருகிறேன்,” என்றேன். பின்னால் வந்தவர் போகவில்லை. கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவர் வருவது அந்தக் குழுவின் வழக்கமாம். உச்சியில் மற்றவர்களும் காத்திருந்தார்கள். நான் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை யாரும் சைக்கிளில் ஏறவில்லை.

மதியம் ஒரு கிராமத்து ‘பப்’பில் பசியாறினோம். ரொட்டி, செடார் சீஸ், ஊறுகாய் வெங்காயம். உழவர் சாப்பாடு என்று அதற்குப் பெயர். எனக்கு ஆரஞ்சுச் சாறு.

“போன வருடம் கடைசியாக வந்தது நான்தான்,” என்றார், எனக்குப் பின்னால் வந்தவர்.

அடுத்த மாதமும் போகிறேன். கடைசி ஆளாகத்தான்.