அட்டவணையின் வடிவம் மாறும்போது நகல் சர்வர்கள் ஏன் தடுமாறுகின்றன?

உலகெங்கும் உள்ள மென்பொருள் உருவாக்குநர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் ‘கிட்ஹப்’ இணையதளம், 2021 நவம்பர் 28-ஆம் தேதி இந்திய நேரப்படி அதிகாலை 2.10 மணிக்குத் தடுமாறத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குச் சொந்தமான அத்தளத்தின் முக்கியச் சேவைகள் 2 மணி 50 நிமிடங்கள் பாதிக்கப்பட்டன. இதற்குக் காரணம் இணையத் தாக்குதலோ மின்தடையோ அல்ல. தரவுத்தளத்தில் இருந்த ஒரு பெரிய அட்டவணையின் கட்டமைப்பை மாற்றும் பணி நடந்துகொண்டிருந்தது. அதன் கடைசிப் படியாக அட்டவணையின் பெயரை மாற்றியபோதுதான் சிக்கல் வெடித்தது.

பெயர் மாற்றம் போன்ற எளிய கட்டளை, இத்தனை பெரிய தளத்தை எப்படி முடக்க முடியும்? இக்கேள்வி கிட்ஹப்புக்கு மட்டும் உரியதன்று. பல லட்சம் பேர் பயன்படுத்தும் பெரிய செயலிகள் பலவும் இதே அமைப்பில்தான் இயங்குகின்றன. அதாவது, ஒரே தகவல் பல சர்வர்களில் நகலாக வைக்கப்பட்டிருக்கிறது.

ஒரு பேரேடு, பல நகல்கள்

பல கிளைகள் கொண்ட ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தலைமை அலுவலகத்தில் ஒரு பேரேடு இருக்கிறது. வரவு, செலவு எதுவாயினும் அதில்தான் முதலில் எழுதப்படும். ஒவ்வொரு பதிவும் ஒரு தினசரிக் குறிப்பேட்டிலும் வரிசையாக ஏறுகிறது. கிளைகள் அக்குறிப்பேட்டைப் பார்த்துத் தங்கள் பேரேட்டிலும் அதையே எழுதிக்கொள்கின்றன. கணக்குக் கேட்டு வரும் வாடிக்கையாளருக்கு எந்தக் கிளையும் பதில் சொல்லலாம். எழுதும் உரிமை மட்டும் தலைமைக்கே உண்டு.

மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தள மென்பொருள்களில் நடப்பதும் இதுவே. எழுதுவதற்கு ஒரு முதன்மைச் சர்வர். படிப்பதற்குப் பல நகல் சர்வர்கள். முதன்மைச் சர்வர் எழுதும் குறிப்பேட்டுக்கு ‘பைனரி லாக்’ என்று பெயர். பொதுவாக, நகல்கள் எழுதி முடிக்கும்வரை முதன்மைச் சர்வர் காத்திருப்பதில்லை. எனவே நகல்கள் சற்றே பின்தங்கியிருக்கும். வழக்கமாக இந்த இடைவெளி ஒரு வினாடிக்கும் குறைவு என்பதால் பயனர் அதை உணர்வதில்லை. இடைவெளி நிமிடங்களாக வளர்ந்தால், சற்று முன் மாற்றிய முகவரி திரையில் பழையபடியே தோன்றும். செலுத்திய கட்டணம் ‘செலுத்தப்படவில்லை’ என்று வரும்.

குறிப்பேட்டில் எதை எழுதுவது என்பதிலேயே இரு வழிகள் உள்ளன. ‘இந்தக் கட்டளையை நிறைவேற்று’ என்று கட்டளையையே எழுதலாம். அல்லது, கட்டளையின் விளைவாக எந்த வரிசையில் எந்த மதிப்பு மாறியது என்று எழுதலாம். முதல் வழியில் ஓர் ஆபத்து உண்டு. ‘தற்செயலான ஓர் எண்ணைப் போடு’ என்பது கட்டளையானால், ஒவ்வொரு சர்வரும் வெவ்வேறு எண்ணைப் போட்டுவிடும். ஆகவே இப்போதைய மைஎஸ்கியூஎல் பதிப்புகள் இரண்டாவது வழியையே இயல்பாகக் கைக்கொள்கின்றன. ஆனால் அட்டவணையின் வடிவத்தை மாற்றும் கட்டளைக்கு இந்த விதி பொருந்தாது. அது எப்போதும் கட்டளையாகவே குறிப்பேட்டில் ஏறுகிறது.

மாற்றாமலே இருந்துவிட்டால் என்ன?

இவ்வளவு ஆபத்து என்றால் அட்டவணையைத் தொடாமலே விட்டுவிடலாமே என்று தோன்றலாம். அமெரிக்காவின் ‘பேஸ்கேம்ப்’ என்ற பணி மேலாண்மைச் செயலிக்கு 2018 நவம்பர் 8-ஆம் தேதி நேர்ந்ததைப் பார்த்தால் அது தீர்வல்ல என்பது புரியும். அதன் ஓர் அட்டவணையில் ஒவ்வொரு பதிவுக்கும் வரிசை எண் தரப்பட்டு வந்தது. அந்த எண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்த இடத்தில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 வரை மட்டுமே எழுத முடியும். அன்று அந்த எல்லை வந்துவிட்டது. அடுத்த பதிவை எழுத இடமில்லாததால், ஏறத்தாழ 5 மணி நேரம் செயலியில் படிக்க மட்டுமே முடிந்தது. நெடுவரிசையைப் பெரிய எண்களை ஏற்கும் வகைக்கு மாற்றிய பிறகே நிலைமை சீரானது.

எழுத்துகளுக்கும் இதே கதை. மைஎஸ்கியூஎல்-லின் பழைய ‘யுடிஎஃப்-8’ அமைப்பு, ஒரு குறியீட்டுக்கு 3 பைட் இடம் மட்டுமே தந்தது. தமிழ் எழுத்துகளின் குறியீடுகளுக்கு அது போதுமானது. எமோஜிகளுக்கு 4 பைட் தேவை. 2019-இல் யூனிகோடில் தனித் தொகுதியாகச் சேர்க்கப்பட்ட மாகாணி, முந்திரி உள்ளிட்ட பழந்தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் 4 பைட் வேண்டும். நம் பாட்டனார் காலத்து முந்திரியும் இன்றைய சிரிக்கும் முகமும் ஒரே காரணத்துக்காக ஒரே அட்டவணையில் இடமின்றி வெளியே நிற்பது வேடிக்கைதான். அவற்றை உள்ளே அனுமதிக்க நெடுவரிசையின் வகையை மாற்றியே ஆகவேண்டும்.

கட்டளை பயணித்தால் என்ன ஆகும்?

தலைமை அலுவலகம் தன் பேரேட்டில் ‘செல்பேசி எண்’ என்ற புதிய நெடுவரிசையைச் சேர்க்க முடிவு செய்கிறது என்று கொள்வோம். பேரேடு மிகப் பெரியது. எல்லாப் பக்கங்களையும் புதிதாக எழுத வேண்டும். அதற்கு 3 மணி நேரம் ஆகிறது. தலைமை தன் வேலையை முடித்த பிறகே ‘நெடுவரிசை சேர்’ என்ற கட்டளை குறிப்பேட்டில் ஏறும். அதைக் கண்ட கிளை, தானும் தன் பேரேட்டை முதலிலிருந்து எழுதத் தொடங்கும். அதற்கும் ஏறக்குறைய 3 மணி நேரம். அதுவரை குறிப்பேட்டில் அடுத்தடுத்து வரும் பதிவுகள் காத்துக் கிடக்கும். வினாடியில் இருந்த இடைவெளி மணிக்கணக்காகிவிடும். முதன்மைச் சர்வர் நலமாக இருக்க, பயனர்கள் பார்ப்பதோ 3 மணி நேரப் பழைய உலகம்.

இதற்கு ஒரு குறுக்கு வழியாக, முதலில் ஒவ்வொரு நகலிலும் தனித்தனியே வடிவத்தை மாற்றிவிட்டு, பிறகு நகல் ஒன்றை முதன்மையாக உயர்த்துவது உண்டு. இது நடைமுறையில் உள்ள முறையே. ஆனால் இடைப்பட்ட காலத்தில் முதன்மையின் அட்டவணை ஒரு வடிவிலும் நகலின் அட்டவணை வேறு வடிவிலும் இருக்கும். அங்கேதான் மிக நுட்பமான பொறி ஒளிந்திருக்கிறது.

மைஎஸ்கியூஎல் மதிப்புகளை அனுப்பும்போது நெடுவரிசையின் பெயரைப் பார்த்துப் பொருத்துவதில்லை. எத்தனையாவது இடம் என்பதையே பார்க்கிறது. முதன்மையில் ‘பெயர், ஊர்’ என இரண்டு நெடுவரிசைகள் இருக்க, நகலில் ஒருவர் நடுவே ஒன்றைப் புகுத்தி ‘பெயர், தொழில், ஊர்’ என்று ஆக்கிவிட்டால், ‘மதுரை’ என்ற சொல் தொழிலின் கீழ் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டும் ஒரே எழுத்து வகை என்பதால் பிழைச் செய்தி எதுவும் வராது. பிழை கூறி நின்றுவிடும் நகலைக் காட்டிலும், பிழையின்றி ஓடிக்கொண்டே தவறாக எழுதும் நகல் பன்மடங்கு ஆபத்தானது. நகலில் கூடுதல் நெடுவரிசை இருந்தால், அது பொதுவான நெடுவரிசைகள் அனைத்துக்கும் பின்னால், கடைசியில்தான் இருக்க வேண்டும் என்ற விதி இதனால்தான் வகுக்கப்பட்டது.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற மற்றொரு தரவுத்தளத்தின் தருக்கவழி நகலாக்கம் பெயரைப் பார்த்தே பொருத்துகிறது. ஆனால் அது வடிவ மாற்றக் கட்டளையை அனுப்புவதே இல்லை. நிர்வாகி இரு பக்கமும் தாமே செய்ய வேண்டும். எந்தப் பக்கம் முதலில் என்பதே அங்கு முக்கியம். நெடுவரிசையைச் சேர்ப்பதானால் பெறும் பக்கத்தில் முதலில் சேர்ப்பது நல்லது. பெறும் பக்கத்தில் கூடுதலாக ஒன்று இருப்பதால் தீங்கில்லை. அனுப்பும் பக்கத்தில் கூடுதலாக இருந்தால் நகலாக்கம் பிழை காட்டி நின்றுவிடும். நீக்குவதானால் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்.

நிழல் அட்டவணை

பெரிய நிறுவனங்கள் இப்போது நாடும் வழி வேறு. இருக்கும் அட்டவணையைத் தொடாமல், அதன் அருகிலேயே புதிய வடிவில் ஒரு வெற்று அட்டவணையை உருவாக்குகிறார்கள். பழைய வரிசைகளைச் சிறு சிறு தொகுதிகளாக அதற்குள் நகலெடுக்கிறார்கள். இதற்கிடையே பழைய அட்டவணையில் நிகழும் மாற்றங்களும் புதியதில் சேர்க்கப்படுகின்றன. இரண்டும் சமமானதும், ஒரே நொடியில் பெயர்களை மாற்றி, புதியதைப் பழையதன் இடத்தில் அமர்த்துகிறார்கள்.

ஃபேஸ்புக் 2010-இல் இத்தகைய கருவி ஒன்றை வெளியிட்டது. பெர்கோனா நிறுவனத்தின் கருவியும் பரவலான பயன்பாட்டில் உள்ளது. இவை, அட்டவணையில் மாற்றம் நேரும் ஒவ்வொரு முறையும் தானே இயங்கும் ‘ட்ரிகர்’ என்ற விசையைச் சார்ந்தவை. கிட்ஹப் 2016 ஆகஸ்டில் வெளியிட்ட கருவி அந்த விசைகளைக் கைவிட்டது. தானும் ஒரு நகல் சர்வர் போல நடித்து, பைனரி லாக் குறிப்பேட்டைப் படித்து மாற்றங்களை அறிந்துகொள்கிறது. நகல்கள் பின்தங்குவதைக் கண்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கருவியின் பெயர் ‘பேய்’ என்று பொருள்படும் ‘கோஸ்ட்’. நிழலாக இருந்துகொண்டு உடலைப் பிடிக்கும் அட்டவணைக்குப் பொருத்தமான பெயர்தான்.

எல்லா மாற்றத்துக்கும் இவ்வளவு பாடு தேவையில்லை. 2018-இல் வந்த மைஎஸ்கியூஎல் 8.0.12 பதிப்பு முதல், நெடுவரிசையைச் சேர்க்கும் பணியைப் பெரும்பாலான அட்டவணைகளில் நொடியில் முடிக்கலாம். பக்கங்களைத் திருப்பி எழுதாமல், ‘இனி இப்படி ஒரு நெடுவரிசை உண்டு’ என்ற குறிப்பை மட்டும் அது மாற்றுகிறது. சீனாவின் டென்சென்ட் நிறுவன விளையாட்டுப் பிரிவின் பொறியாளர்கள் வழங்கிய வசதி இது. ஆனால் நெடுவரிசையின் வகையையே மாற்ற வேண்டுமானால் பழைய பாடுதான்.

அந்த அதிகாலையில் நடந்தது

கிட்ஹப் தந்த விளக்கத்தின்படி, அங்கு இத்தகைய மாற்றங்கள் வழக்கமான பணி. பெரும்பாலும் அவை முடிய வாரக்கணக்கில் ஆகும். நவம்பர் 28-ஆம் தேதி கடைசிப் படியான பெயர் மாற்றம் நடந்தபோது, படிப்பதற்கான நகல் சர்வர்களில் கணிசமானவை ‘முட்டுக்கட்டை’ நிலைக்குப் போயின. இருவர் ஆளுக்கொரு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றவர் தன் சாவியைத் தரட்டும் என்று காத்திருப்பதைப் போன்றது அந்நிலை. யாரும் விடமாட்டார்கள், வேலையும் நகராது.

சிக்கிய நகல்கள் செயலிழந்து மீளத் தொடங்கின. அவை தாங்கிய சுமை எஞ்சிய நகல்கள் மீது விழுந்தது. காப்புப் பிரதிக்கும் உள் ஆய்வுக்கும் வைத்திருந்த நகல்களையும் பொறியாளர்கள் பொதுப் பயன்பாட்டுக்கு இறக்கினர், அதுவும் போதவில்லை. எழுந்து நின்ற நகல்கள் சுமை தாளாமல் மீண்டும் விழுந்தன. அப்போது அவர்கள் ஒரு முடிவெடுத்தனர்: பழுதான நகல்களிலிருந்து பயனர் போக்குவரத்தை முழுவதுமாக விலக்கி, பெயர் மாற்றத்தை அவை முறையாக முடிக்கும்வரை விட்டுவைப்பது. தளம் கிடைப்பதைக் காட்டிலும் தரவின் சரித்தன்மைக்கே முன்னுரிமை தந்ததாக நிறுவனம் கூறியது. எழுதும் பணிகள் தொடக்கம் முதல் இறுதி வரை நலமாகவே இருந்தன. தரவு எதுவும் சிதையவில்லை என்பது சரிபார்க்கப்பட்டது.

இதே நிறுவனம் 2018 அக்டோபரிலும் இவ்வாறே முடிவெடுத்தது. அப்போது வெறும் 43 வினாடி நீடித்த வலையமைப்புத் துண்டிப்பால், அமெரிக்காவின் இரு கரைகளிலும் இருந்த சர்வர்கள் வெவ்வேறு தரவைப் பெற்றுவிட்டன. அவற்றைச் சீர்செய்ய 24 மணி 11 நிமிடங்கள் தளத்தின் சேவை குறைவாகவே இருந்தது. பயனர்களுக்கு எரிச்சலூட்டும் முடிவுதான். எனினும் சரியான முடிவு என்றே கருத வேண்டும். தாமதமாகக் கிடைக்கும் கணக்கைப் பொறுத்துக்கொள்ளலாம்; யாருடைய கணக்கில் எது என்று தெரியாமல் போவதை என்ன செய்வது?

2021 நிகழ்வுக்குப் பின், தரவுத்தளத்தைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் பணிக்குத் தொடர்ந்து முன்னுரிமை தருவதாக கிட்ஹப் அறிவித்தது. அப்படிப் பிரித்தால், வடிவ மாற்றத்தை முதலில் ஒரே ஒரு பகுதியில் செய்து பார்க்கலாம்.

சரிபார்ப்பது எப்படி?

மாற்றம் முடிந்ததும் நகல்கள் உண்மையிலேயே ஒத்திருக்கின்றனவா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இதற்கு ‘செக்சம்’ என்ற சரிபார்ப்புத் தொகை உதவுகிறது. சில ஆயிரம் வரிசைகளை எடுத்து, அவற்றின் உள்ளடக்கத்திலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிடுவார்கள். பெர்கோனாவின் சரிபார்ப்புக் கருவி இதைச் செய்யும் விதம் நயமானது. கணக்கிடும் கட்டளையையே குறிப்பேடு வழியாக அனுப்பிவிடுகிறது. நகல் எவ்வளவு பின்தங்கியிருந்தாலும், வரலாற்றின் அதே புள்ளியை எட்டும்போதுதான் அக்கட்டளையை நிறைவேற்றும். ஆகவே எண்கள் வேறுபட்டால் அது தாமதத்தால் அன்று. தரவே வேறுபட்டிருக்கிறது என்று பொருள்.

செயலியின் நிரலும் இந்த ஒழுங்குக்கு உட்பட வேண்டும். நெடுவரிசை ஒன்றின் பெயரை மாற்ற வேண்டுமானால், நேரடியாக மாற்றாமல் புதியதைச் சேர்த்து, சில காலம் இரண்டிலும் எழுதி, பழைய மதிப்புகளை நிரப்பி, புதியதிலிருந்து படிக்கத் தொடங்கி, இறுதியில்தான் பழையதை நீக்குவார்கள். ஒரே நாளில் முடிய வேண்டியது ஒரு மாதம் இழுக்கும். ஆனால் இடையில் எந்த நொடியில் பார்த்தாலும், பழைய நிரலும் புதிய நிரலும், முந்திய நகலும் பிந்திய நகலும் பிழையின்றி இயங்கும்.

இத்தகைய மாற்றங்களில் ஒன்றுக்குக் காலக்கெடு முன்னரே குறிக்கப்பட்டிருக்கிறது. மைஎஸ்கியூஎல்-லில் நேரத்தைப் பதிய உதவும் ‘டைம்ஸ்டாம்ப்’ என்ற வகை, 2038 ஜனவரி 19-ஆம் தேதி இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடி வரை மட்டுமே செல்லும். அவ்வகை நெடுவரிசை உள்ள பெரிய அட்டவணைகளை அதற்குள் வேறு வகைக்கு மாற்ற வேண்டும். அது வகை மாற்றம் என்பதால், நொடியில் முடிக்கும் புதிய வசதி அதற்குப் பயன்படாது.