தசைகளுக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

பள்ளி விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓடிய சிறுவன் சற்று நேரத்தில் தேறிவிடுகிறான். நானூறு மீட்டர் ஓடியவனோ புல்தரையில் சாய்ந்து கிடக்கிறான். பத்துக் கிலோமீட்டர் மிதிவண்டியில் வந்த தந்தை இயல்பாகப் பேசிக்கொண்டிருக்கிறார். மூவரிடமும் உழைத்தவை தசைகளே. களைப்பு மட்டும் ஏன் வேறுபடுகிறது?

தசை சுருங்குவதற்கு நேரடியாகச் செலவாகும் நாணயம் ஒன்றே. அதன் பெயர் ஏ.டி.பி. 1929ஆம் ஆண்டில் கார்ல் லோமன் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதனைத் தசையில் கண்டறிந்தார். நாம் உண்ணும் சோறாயினும் எண்ணெயாயினும், இறுதியில் இந்நாணயமாக மாறினால்தான் விரலும் அசையும். ஆனால் கையிருப்போ மிகச் சொற்பம். முழு வேகத்தில் உழைத்தால் இரண்டு மூன்று விநாடிகளில் தீர்ந்துவிடும். ஆகவே செலவாகச் செலவாகத் தசை அதனைப் புதிதாக ஆக்கிக்கொண்டே இருக்கிறது.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, தசையில் சேர்ந்துள்ள கிரியேட்டின் பாஸ்பேட். மூட்டையைத் தூக்கித் தோளில் வைப்பதற்கும் நூறு மீட்டர் ஓட்டத்திற்கும் இது கைகொடுக்கும். ஏறத்தாழ பத்து விநாடிகளில் வற்றிவிடும். சில நிமிட ஓய்வில் மீண்டும் நிரம்பும்.

இரண்டாவது, தசையில் சேமித்த கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளை ஆக்சிஜன் இன்றியே உடைப்பது. 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நமது பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 விநாடிகளில் ஓடி, நூறில் ஒரு விநாடியில் பதக்கத்தை இழந்தார் அல்லவா? அத்தகைய ஓட்டம் பெரிதும் இவ்வழியையே நம்பியிருக்கிறது. விரைவான வழிதான்; ஆயினும் சிக்கனமற்றது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து இரண்டு ஏ.டி.பி. மட்டுமே மிஞ்சும். தசையில் அமிலத்தன்மையும் ஏறும். நானூறு மீட்டர் ஓடியவன் சாய்ந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது வழியில் ஆக்சிஜன் துணை நிற்கிறது. அதே குளுக்கோஸிலிருந்து ஏறத்தாழ முப்பது ஏ.டி.பி. கிடைக்கும், கொழுப்பையும் எரிக்கலாம். மெதுவானது, ஆனால் மணிக்கணக்கில் நீடிப்பது. மிதிவண்டியில் வந்த தந்தையைக் காத்தது இதுவே. மூன்று வழிகளும் ஒருங்கே தொடங்குகின்றன என்பதையும், உழைப்பின் வேகத்திற்கும் நேரத்திற்கும் ஏற்ப ஒவ்வொன்றின் பங்கே மாறுகிறது என்பதையும் நாம் கருத்திற் கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையைக் களைவது நலம். தசையின் உழைப்பை ஆராய்ந்த ஏ.வி. ஹில், ஓட்டோ மேயர்ஹாஃப் ஆகியோர் 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றனர். அக்காலந்தொட்டே லாக்டிக் அமிலம் கழிவு என்றும், மறுநாள் வரும் கால்வலிக்கு அதுவே காரணம் என்றும் பலர் எண்ணி வந்தனர். உண்மை அதுவன்று. ஓட்டத்தின்போது உண்டாகும் லாக்டேட்டை இதயமே விரும்பி எரிக்கிறது. எஞ்சியதும் ஓரிரு மணி நேரத்தில் அகன்றுவிடும். மறுநாள் வலி, பழக்கமில்லாத உழைப்பினால் தசைநார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவுகளால் வருவது.

நம் இல்லங்களுக்கு மிகவும் தேவையான செய்தி வேறொன்று. ஓய்வில் இருக்கும் தசைக்குள் இரத்தச் சர்க்கரை பெருமளவில் நுழைய வேண்டுமாயின் இன்சுலின் என்னும் சாவி வேண்டும். உழைக்கும் தசையோ அச்சாவி இல்லாமலே கதவைத் திறந்துகொள்கிறது. இன்சுலின் சரிவரப் பயன்படாத நீரிழிவு நோயாளரிடத்தும் இது நிகழ்கிறது. உணவுக்குப்பின் பதினைந்து நிமிடம் நடப்பவரின் சர்க்கரை குறைவாக ஏறுவதன் காரணம் இதுவே. பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில் நடந்தால் போதும். அறுபது வயதில் வேகமாக ஓடிப் பார்க்கும் ஆசையை நாம் ஊக்குவிக்க மாட்டோம்.

இன்சுலின் ஊசியோ சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே நடையைக் கூட்ட வேண்டும். நடக்கையில் சர்க்கரை அளவுக்குமீறி இறங்கி, வியர்வையும் நடுக்கமும் வரக்கூடும். அவர்கள் சட்டைப்பையிலோ கைப்பையிலோ சிறிது சர்க்கரை எப்போதும் இருக்கட்டும்.