கெடு வைக்கும் கருப்பை
உயிர் வளரும் இடம் – 9

கிடா சேர்ந்த 16, 17ஆம் நாளில் செம்மறிப் பெட்டை மறுபடி பருவத்துக்கு வந்தால், சினை நிற்கவில்லை என்று ஆட்டுக்காரர்கள் முடிவுகட்டிவிடுவார்கள். சரியான கணக்கு. ஆனால் அந்தக் கெடுவை வைப்பது யார்? சினைப்பை என்றுதான் நினைக்கத் தோன்றும். செம்மறியில் கெடு வைப்பது கருப்பை.

போன வாரம் பார்த்த சினைப்பையில், முட்டை வெளியேறிய இடத்தில் ஒரு சின்னக் கட்டி வளரும். கார்பஸ் லூட்டியம் என்பார்கள். அதில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் கருப்பைத் தசையை அடக்கிவைக்கும். உள்சுவர்ச் சுரப்பிகளைக் கருவுக்கு ஊட்டம் கொடுக்கத் தயார்ப்படுத்தும். புரோஜெஸ்டிரோன் நாள்பட நாள்படச் சுரக்க, உள்சுவரில் அதன் ஏற்பிகள் குறைந்து, ஈஸ்ட்ரோஜெனுக்கும் ஆக்சிடோசினுக்குமான ஏற்பிகள் தலைதூக்குகின்றன. ஆக்சிடோசின் வந்து தூண்டத் தூண்டக் கருப்பை புரோஸ்டாகிளாண்டினை அலையலையாக வெளியிடுகிறது. அது போகும் வழியைத்தான் எனக்குச் சொல்லி மாளாது. கருப்பையிலிருந்து வரும் சிரைமீது சினைப்பைத் தமனி கொடிபோல் சுற்றிப் படர்ந்திருக்கிறது. புரோஸ்டாகிளாண்டின் சிரையிலிருந்து தமனிக்குள் கசிந்து, நேராகச் சினைப்பைக்கே போய்விடுகிறது. உடம்பெல்லாம் சுற்றிவந்தால் நுரையீரலிலேயே பெரும்பகுதி அழிந்திருக்கும். கட்டி கரைகிறது, ஆடு பருவத்துக்கு வருகிறது. கருப்பையை அறுவை செய்து எடுத்துவிட்டால் அந்தக் கட்டி மாதக்கணக்கில் கரைவதில்லை.

சினை நிற்க வேண்டுமானால், கெடு முடியுமுன் கரு தன் இருப்பைச் சொல்லியாக வேண்டும். 1960களில் கேம்பிரிட்ஜில் மூர், ரௌசன் என்ற ஆய்வாளர்கள் கருக்களை வெவ்வேறு நாட்களில் மாற்றி வைத்துப் பார்த்தார்கள். 12ஆம் நாளுக்குள் வைத்தவை நின்றன. அதற்குப் பிறகு வைத்தவற்றுக்கு நேரம் கடந்துவிட்டது. அந்த நாட்களில் கரு நூலாக நீண்டு, ஒரு புரதத்தைச் சுரக்கிறது. வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் குடும்பத்தைச் சேர்ந்தது அது என்று 1987இல் தெரிந்தது. அந்தப் புரதம் பட்டதும் ஆக்சிடோசின் ஏற்பிகள் எழுவதில்லை. கட்டி பிழைக்கிறது.

சுமார் 50 நாளுக்குப் பிறகு புரோஜெஸ்டிரோன் பொறுப்பை நஞ்சுக்கொடி ஏற்றுக்கொள்கிறது. ஐந்து மாதம் நிறையும்போது குட்டியின் அட்ரினல் சுரப்பி கார்டிசால் விடுகிறது; நஞ்சுக்கொடி அதைக் கேட்டுப் புரோஜெஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜெனாக மாற்றத் தொடங்குகிறது; இத்தனை நாள் அடங்கியிருந்த கருப்பை சுருங்குகிறது. நாள் குறிப்பது தாயல்ல, குட்டி.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இதை நிறுவியவர் மகப்பேறு மருத்துவர் கிரஹாம் லிக்கின்ஸ். வயிற்றுக்குள் இருந்த குட்டிகளுக்குக் கார்டிசால் வகை மருந்தைச் செலுத்தியதும் அவை குறைமாதத்தில் பிறந்தன. பிழைக்கவே முடியாத வயதில் பிறந்த குட்டி மூச்சு விட்டது. நுரையீரல் முன்னதாகவே முதிர்ந்திருந்தது. அவரும் குழந்தை மருத்துவர் ரோஸ் ஹோவியும் அதே வகை மருந்தை வைத்து, குறைமாதப் பிரசவத்தை எதிர்நோக்கிய 282 தாய்மார்களிடம் செய்த ஆய்வு 1972இல் வெளிவந்தது. தானாக வலி கண்டவர்களில், அந்த மருந்து பெறாதவர்களின் குழந்தைகளில் 15 சதவீதம் பிறந்த சில நாட்களிலேயே இறந்தன, பெற்றவர்களுடையதில் 3.2 சதவீதம்.

இன்று புதுச்சேரியின் வைத்திக்குப்பத்தில் ஒரு மீனவப் பெண்ணுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டு, எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் ஓடினால், அவளுக்குப் போடும் டெக்ஸாமெத்தசோன் ஊசிக்கு மூலம் அந்த ஆட்டுக்குட்டிதான். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 6 மில்லிகிராம், நான்கு தடவை. 24 முதல் 34 வாரக் கர்ப்பத்தில் இதன் முதல் ஊசியைக் கிராமச் செவிலியரே போடலாம் என்று மத்திய அரசு 2014இல் வழிகாட்டுதல் தந்தது. விலை மலிவான மருந்து. வலி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் போய்விட வேண்டும். ஊசி வேலை செய்ய மணி நேரங்கள் தேவை.

ஆட்டில் கண்டதெல்லாம் பெண்ணுக்குப் பொருந்திவிடாது. பெண்ணுக்குப் பிரசவ நேரத்தில் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் இப்படிச் சரிவதில்லை. ஏன், வெள்ளாடே வேறு கதை. அதன் நஞ்சுக்கொடி புரோஜெஸ்டிரோன் பொறுப்பை ஏற்பதே இல்லை. ஐந்து மாதமும் சினைப்பைக் கட்டிதான் காக்கிறது. அதனால் பருவத்துக்குக் கொண்டுவரப் போடும் புரோஸ்டாகிளாண்டின் ஊசி, சினை வெள்ளாட்டுக்கு எந்த மாதத்தில் போட்டாலும் கரு கலைந்துவிடும். சினையா இல்லையா என்று மருத்துவர் பார்க்காமல் அந்த ஊசியைப் போட விடாதீர்கள். வெள்ளாட்டை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)