தோளின் நாண் அறுந்தால்...

கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரியை நாம் பள்ளிப் பருவத்திலேயே அறிவோம். கொல்லிமலைத் தலைவன். அவன் எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகிய நான்கையும் துளைத்துக்கொண்டு போய், கடைசியில் ஓர் உடும்பில் தைத்தது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். அந்தக் கையின் வலிமையைப் புலவர் வியந்தார். நாம் கேட்க நினைப்பது வேறு. அந்த ஓரிக்கு ஒருநாள் தோளில் வலி கண்டு, வில்லை வளைக்க முடியாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பான்?

இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வில் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்தில் வில்லால் மான் வேட்டையாட உரிமம் தருகிறார்கள். கோடையில் தோள் பழுதான வேட்டைக்காரர் மருத்துவரிடம் கேட்கும் முதல் கேள்வி, "இப்போதே அறுவை செய்துகொள்வதா, இல்லை இந்தப் பருவம் முடியட்டுமா?" என்பதுதான். செம்பூரில் மகளின் கல்யாணத்தை எதிர்நோக்கியிருக்கும் தாயும், தாராவியில் தோல் பட்டறையில் நாட்கூலிக்கு உழைக்கும் தொழிலாளியும் அதே கேள்வியைத்தான் வேறு சொற்களில் கேட்கிறார்கள்.

மூங்கில் வில்லிலிருந்து ஒலிம்பிக் வரை

வேட்டை வில்லையும் விளையாட்டு வில்லையும் ஒரே கையால் பிடித்தவர் நம் நாட்டிலேயே ஒருவர் உண்டு. ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்துப் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த லிம்பா ராம். சிறு வயதில் மூங்கில் வில்லும் நாணல் அம்புமாகக் காட்டில் பறவைகளைத் தேடித் திரிந்தவர். அரசு நடத்திய தேர்வில் கண்டெடுக்கப்பட்டு, 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காக வில் ஏந்தினார். 1991இல் அர்ஜுனா விருது. 1992இல் பெய்ஜிங்கில் நடந்த ஆசியப் போட்டியில் 358 புள்ளிகள் எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். அப்பேர்ப்பட்டவரையும் தோள் காயம் விடவில்லை. அதற்குப் பிறகு பழைய உயரத்தை அவரால் தொட முடியாமலே போயிற்று.

வில்லாளிக்குத் தோள் எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒலிம்பிக் தரவரிசைச் சுற்றில் 70 மீட்டர் தூரத்திலிருந்து 72 அம்புகள் எய்ய வேண்டும். ஆடவர் வில்லை முழுதாக இழுத்துப் பிடிக்க ஏறத்தாழ 45 ராத்தல், அதாவது 20 கிலோ விசை வேண்டும். ஒரு சுற்றுக்குள் மொத்தம் 1,440 கிலோ! பயிற்சி நாளில் 300 அம்பு எய்தால் ஆறு டன். இத்தனையும் இரண்டு தோள்களின் மேல்.

தோள் என்னும் பொறி

நம் உடம்பில் எல்லாப் பக்கமும் அதிகமாகச் சுழலக்கூடிய மூட்டு தோள்தான். அந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. இடுப்பு எலும்பு ஆழமான குழியில் பதிந்திருக்கிறது. தோள் எலும்போ, சின்னத் தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் போல நிற்கிறது. அது உருண்டு விழாமல் சுற்றி இழுத்துப் பிடித்திருப்பவை நான்கு தசைகள். மருத்துவர்கள் 'ரொட்டேட்டர் கஃப்' என்பது இவற்றைத்தான். தசையை எலும்போடு கட்டும் கயிற்றுக்குத் தமிழில் தசைநாண் என்று பெயர். வில்லுக்கு ஒரு நாண் போல, தோளுக்கும் நாண்! அது நைந்தாலோ அறுந்தாலோ கை மேலே எழும்பாது. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும் விடாது.

ஆனால் எல்லாத் தோள் வலியும் நாண் அறுந்த வலி அல்ல. சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வரும் 'உறைந்த தோள்' வேறு. அது பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆண்டுகளில் கத்தியில்லாமலே தளர்ந்துவிடும். கழுத்து நரம்பு நசுங்கினாலும் தோளில் வலிக்கும். இடது தோள் வலியோடு நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் சேர்ந்தால் அது இதயத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம். அப்போது தைலம் தேய்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

மூன்று ஆட்டக்காரர்கள்

'எப்போது' என்ற கேள்விக்கு நாம் எல்லோரும் அறிந்த மூவரின் கதை உதவும்.

டெல்லியில் 1999இல் ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் எடுத்த அனில் கும்ப்ளே, தோளில் அறுவை செய்துகொண்டதால் 2001இல் ஆஸ்திரேலியா இங்கு வந்து ஆடிய புகழ்பெற்ற தொடரை முழுதாக இழந்தார். அந்தத் தொடரில் 32 விக்கெட் எடுத்து ஹர்பஜன் சிங் புகழின் உச்சிக்குப் போனார். கும்ப்ளே முடிந்துவிட்டார் என்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பெங்களூரில் தம் 300ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தவர், 2008இல் ஓய்வு பெறும்போது 619இல் நின்றார். பாதிக்கு மேற்பட்ட விக்கெட்டுகள் கத்திக்குப் பிறகு வந்தவை.

கண்டி தந்த தமிழர் முத்தையா முரளீதரன் 2004 ஆகஸ்டில் 532 விக்கெட்டுடன் உலகில் முதலிடத்தில் இருந்தபோதுதான் தோள் சிகிச்சைக்குப் போனார். அவர் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டிருக்க, அக்டோபரில் நம் சேப்பாக்கத்தில் ஷேன் வார்ன் அந்தச் சாதனையைத் தாண்டினார். முரளி பதறவில்லை. 2005இல் திரும்பி வந்தார். 2010 ஜூலையில் காலியில் 800ஐத் தொட்டு விடைபெற்றார்.

மூன்றாமவர் நம் மும்பை மைந்தர். 2006 மார்ச்சில் வான்கடேயில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே ஓட்டத்தில் ஆட்டமிழந்த டெண்டுல்கரைச் சொந்த ஊர் ரசிகர்களில் சிலரே கூச்சலிட்டு அனுப்பினார்கள். அந்த டெஸ்ட் முடிந்த சில நாட்களில் லண்டனில் அவர் தோளில் அறுவை நடந்தது. மேற்கிந்தியத் தீவுப் பயணத்தை முழுவதுமாக விட்டார். செப்டம்பரில் கோலாலம்பூரில் திரும்பி வந்து 141 ஓட்டம், ஆட்டமிழக்காமல்! அதன் பிறகு மேலும் 16 டெஸ்ட் சதங்கள். கூச்சல் எழுந்த அதே வான்கடேயில் 2011இல் உலகக் கோப்பையை ஏந்தினார்.

மூவரும் பெரியதொன்றை இழக்கத் துணிந்தார்கள். தொடரோ, சாதனையோ போனால் போகட்டும் என்று தோளைக் காத்தார்கள். அதே சமயம் ஒன்றை மறக்கக் கூடாது. அவர்களை மீட்டது கத்தி மட்டும் அல்ல. அதற்குப் பிறகு பொறுமையாக இருந்த மாதங்கள்.

எப்போது பொறுக்கலாம், எப்போது கூடாது?

வயதாக ஆகத் தசைநாண் தானாகவே நைவது இயற்கை. அறுபதைக் கடந்த பலருக்கு வலியே இல்லாமல் உள்ளே கிழிசல் இருப்பது உண்டு. எனவே ஸ்கேன் படத்தில் கிழிசல் தெரிந்தது என்பதற்காக மட்டும் யாரும் மேசையில் ஏறிப் படுக்க வேண்டியதில்லை. நாளடைவில் வந்த பாதிக் கிழிசலுக்கு முதல் மருந்து பிசியோதெரபிதான். மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தால் பலருக்கு அதுவே போதும்.

ஆனால் நேற்று வரை நன்றாக இருந்த கை, விழுந்த அதிர்ச்சியிலோ பாரம் தூக்கியதிலோ திடீரென்று எழும்பாமல் போனால் கதை வேறு. அது முழுக் கிழிசலாக இருந்தால் காத்திருப்பது நஷ்டம். அறுந்த நாண் உள்ளே சுருங்கிப் பின்வாங்கும். வேலையில்லாத தசை மெலிந்து கொழுப்பாக மாறும். அந்த மாற்றம் திரும்பாது. சில வாரங்களில் தைத்திருக்கக்கூடியதை ஓராண்டு கழித்துத் தைக்க இழுத்தாலும் எட்டாது. ஊசி போட்டு வலியை மறைத்துக்கொண்டு பருவம் முழுதும் வில் இழுப்பவர், உண்மையில் இந்த நாட்களைத்தான் செலவழிக்கிறார். ஸ்டீராய்டு ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டால் நாணே வலுவிழக்கும்.

அறுவைக்குப் பின் நான்கு முதல் ஆறு வாரம் கை தொட்டிலில். பாரம் தூக்க மூன்று மாதத்துக்கு மேல். முழு பலம் வர ஆறு மாதம், சிலருக்கு ஓராண்டு.

நம் வீட்டுக் கணக்கு

ஆட்டக்காரருக்கு ஆறு வார ஓய்வு கிடைத்துவிடும். தாராவியில் விடியற்காலை இட்லி அவித்துத் தலையில் சுமந்து விற்பவருக்கு அது ஆறு வாரக் கூலி. லோக்கல் வண்டியில் மேலே கைப்பிடியைப் பற்றி மாட்டுங்காவிலிருந்து கோட்டை வரை தொங்கிச் செல்பவருக்கு அது விடுமுறைக் கணக்கு. அதனால்தான் 'பிறகு பார்க்கலாம்' என்கிறோம். தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தக் கிழிசல் என்று தெரிந்த பிறகு தள்ளிப்போடுவது வேறு, தெரியாமலே தள்ளிப்போடுவது வேறு. சயான் மருத்துவமனையிலும் பரேல் கே.ஈ.எம். மருத்துவமனையிலும் எலும்பு மருத்துவப் பிரிவு இருக்கிறது. ஒருநாள் வரிசையில் நின்றால் அந்தத் தெளிவு கிடைக்கும்.

மருத்துவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். கிழிசல் முழுதா, பாதியா? மூன்று மாதம் பொறுத்தால் எனக்கு நஷ்டம் உண்டா? பயிற்சி மட்டும் போதுமா? அறுவை செய்தால் எத்தனை மாதம் என் தொழிலுக்குப் போக முடியாது? பதிலை வீட்டாரோடு உட்கார்ந்து பேசுங்கள். பொறுக்கலாம் என்றால் நிம்மதியாகக் கல்யாணத்தை முடித்துவிட்டு வரலாம். பொறுக்கக் கூடாது என்றால், அந்த ஆறு வாரத்துக்கு அடுப்பையும் மூட்டையையும் யார் தூக்குவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள்.