நாவலைப் பகுத்தால் நீளம் தீருமா?

அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965ஆம் ஆண்டு வெளியிட்ட ‘டியூன்’ என்ற அறிவியல் புனைகதை நாவலை நிறைவாகத் திரைக்குக் கொண்டுவர அரை நூற்றாண்டுக்கும் மேலாக முயற்சிகள் நடந்தன. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ திரையை எட்ட அதைவிடவும் நீண்ட காலம் பிடித்தது. இரண்டுக்கும் இறுதியில் கண்டறியப்பட்ட வழி ஒன்றே. ஒரு நாவல், இரண்டு படங்கள்.

உலகத் திரையுலகில் இவ்வழி இன்று வழக்கமாகிவிட்டது. ஆனால், நாவலைப் பகுப்பது நீளத்தால் எழும் சிக்கலைத் தீர்க்கிறதா, அல்லது அதை அடுத்த படத்தின் தோளில் ஏற்றிவிடுகிறதா என்பது ஆராயத்தக்க கேள்வி.

ஒரே படத்தில் அடக்கும் முயற்சி

‘டியூன்’ கதை பாலைவனக் கோள் ஒன்றில் நிகழ்கிறது. அரசியல், சமயம், சூழலியல், வணிகம் ஆகிய நான்கும் அதில் பின்னிக் கிடக்கின்றன. 1970களில் சிலி நாட்டவரான அலெஹாந்த்ரோ ஹொதொரோவ்ஸ்கி இதை மிக நீண்ட படமாக எடுக்கத் திட்டமிட்டார். அதற்குப் பணம் போட எந்த ஹாலிவுட் நிறுவனமும் முன்வரவில்லை.

1984இல் டேவிட் லிஞ்ச் முழு நாவலையும் 137 நிமிடங்களில் அடக்கினார். கதை புரியாது என்ற அச்சத்தால், சில திரையரங்குகளில் அருஞ்சொற்பொருள் தாள்கள் அச்சிட்டு வழங்கப்பட்டன. படம் வசூலில் தோல்வியடைந்தது.

இந்தப் பின்னணியில்தான் கனடிய இயக்குநர் டெனி வில்நெவ் நாவலை இரண்டாகப் பகுத்தார். முதற்படம் 2021இலும் இரண்டாவது 2024இலும் வெளியாயின. இரண்டும் சேர்ந்து ஐந்து மணி நேரத்துக்கும் அதிகம்.

வெட்டு எங்கே விழுகிறது?

ஹெர்பர்ட்டின் நாவல் மூன்று பாகங்களைக் கொண்டது. வில்நெவின் முதற்படம் இரண்டாம் பாகத்தின் நடுவில் முடிகிறது. நாயகன் போல் பாலைவன மக்களுடன் சேரும் இடம் அது. உலகை அறிமுகப்படுத்தும் முதற்படத்துக்கு நிதானம் கிடைத்தது. அதற்கான விலையை இரண்டாவது படம் கொடுத்தது.

நாவலில் ஆண்டுக்கணக்கில் நடப்பவை இரண்டாவது படத்தில் சில மாதங்களுக்குள் நடந்து முடிகின்றன. இதன் தெளிவான அடையாளம் போலின் தங்கை ஆலியா. நாவலின் இறுதியில் அவள் பேசி நடமாடும் சிறுமி. படத்தின் இறுதியிலோ இன்னும் தாயின் வயிற்றில்தான் இருக்கிறாள். ஒரு மக்கள் கூட்டம் மெல்ல மெல்ல ஒருவனைத் தெய்வமாக ஏற்கும் வரலாறு, இதனால் ஒரு போர்க்காலத்தின் வேகத்தைப் பெற்றுவிட்டது.

‘பொன்னியின் செல்வன்’ படங்களிலும் இதே கணக்கைக் காணலாம். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்த இந்நாவலுக்கு ஐந்து பாகங்கள். மணிரத்னத்தின் முதற்படம் 2022 செப்டம்பரில் வெளியானது. கடலில் கப்பல் சிதையும் காட்சியோடு அது முடிவடைகிறது. நாவலில் அந்தக் கடற்புயல் வருவது ‘சுழற்காற்று’ என்ற இரண்டாம் பாகத்தின் கடைசிப் பகுதியில். ஆக, முதற்படத்துக்கு இரண்டு பாகங்களும், 2023 ஏப்ரலில் வெளியான அடுத்த படத்துக்கு மூன்று பாகங்களும் பங்காயின. இரு படங்களின் நீளமோ ஏறக்குறைய ஒன்றே.

இந்த நெருக்கடியில் மணிமேகலை என்ற பாத்திரம் முற்றிலும் நீங்கியது. சேந்தன் அமுதனின் பிறப்பு மறைபொருளும் கைவிடப்பட்டது. இதைச் சிறு கிளைக்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. நாவலில் அருள்மொழிவர்மன் மகுடத்தை விட்டுக்கொடுப்பது, பூக்கட்டும் எளிய இளைஞனாக நாம் அறிந்த ஒருவனுக்கு. படத்திலோ, அரியணைக்காகப் படை திரட்டிய மதுராந்தகனுக்கே அது செல்கிறது. தியாகம் ஒன்றுதான். அதன் பொருள் வேறு.

அடுத்த படத்துக்கு யார் பொறுப்பு?

பகுப்பதில் மற்றோர் இடர் உண்டு. முதற்படம் வெளியாகும்போது இரண்டாவது படத்துக்கு உத்தரவாதம் இருக்கிறதா என்பதே அது. வில்நெவிடம் அது இருக்கவில்லை. அமெரிக்காவில் முதற்படம் வெளியாகி நான்கு நாட்களின் பின்னரே இரண்டாவது படத்துக்கு ஒப்புதல் அறிவிக்கப்பட்டது.

எல்லோருக்கும் இந்த நல்வாய்ப்புக் கிட்டுவதில்லை. ரால்ஃப் பக்ஷி 1978இல் எடுத்த ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ அசைவூட்டப் படம் கதையின் பாதியில் நின்றது. அதன் தொடர்ச்சியை அவர் எடுக்கவேயில்லை. ‘டைவர்ஜெண்ட்’ என்ற அறிவியல் புனைகதை வரிசையின் கடைசி நாவலை இரண்டாகப் பகுத்தார்கள். 2016இல் வந்த முதற்பாதி தோற்றதும், முடிவுப் படம் கைவிடப்பட்டது. கதைக்குத் தேவை இருந்ததா என்பதைவிட, இன்னொரு முறை நுழைவுச்சீட்டு விற்கலாம் என்ற கணக்கே அங்கு மேலோங்கியிருந்தது.

இதற்கு மாறாக மணிரத்னம் இரு படங்களையும் சேர்த்தே படமாக்கினார். 1958இல் எம்.ஜி.ஆர். அறிவித்து நிறைவேறாது போன முயற்சி இது. ஈழத்தமிழர் ஒருவர் நிறுவிய லைக்கா நிறுவனமும் மணிரத்னத்தின் மெட்ராஸ் டாக்கீஸும் கூட்டாகச் செலவை ஏற்றதால், பாதியில் நிற்கும் அச்சம் நீங்கியது.

பலெர்மோவின் விடை

இதே சிக்கலுக்கு வேறொரு விடை, இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரில் கிடைக்கிறது. இந்நகரில் பிறந்த ஜுசெப்பே தொமாசி தி லாம்பெதூசா எழுதிய ‘இல் கத்தோபார்தோ’ (‘சிறுத்தை’) அவர் இறந்த மறுஆண்டு, 1958இல் வெளியானது. அறிவியல் புனைகதையும் அல்ல, பெரிய நாவலும் அல்ல. எட்டே அத்தியாயங்கள். ஆனால் 1860 முதல் 1910 வரை அரை நூற்றாண்டை அவை கடக்கின்றன. பக்கங்களின் நீளத்தைவிடக் காலத்தின் நீளமே இங்கு சிக்கல்.

1963இல் இதைப் படமாக்கிய லுக்கினோ விஸ்கொந்தி, கடைசி இரண்டு அத்தியாயங்களைத் துணிந்து விட்டுவிட்டார். நாவலில் 1883இல் நிகழும் இளவரசரின் மரணம் படத்தில் இல்லை. அதற்கு ஈடாக 1862ஆம் ஆண்டின் நடன விருந்தைப் படத்தின் ஏறத்தாழ கால் பங்குக்கு விரித்தார். பலெர்மோவின் வால்குவார்னேரா கான்ஜி மாளிகையில் எடுக்கப்பட்ட அக்காட்சியில், முதுமையும் சாவும் தம்மை நெருங்குவதை இளவரசர் உணர்கிறார். விடப்பட்ட அத்தியாயங்களின் சாரம் அந்த ஓர் இரவுக்குள் வந்துவிடுகிறது. படம் கான் விழாவின் உயரிய விருதான தங்கப்பனையை வென்றது.

2025இல் நெட்ஃப்ளிக்ஸ் இதே நாவலை ஆறு பகுதித் தொடராக வெளியிட்டது. இளவரசரின் மகள் கொன்செத்தாவுக்கு அதில் விஸ்கொந்தி தராத இடம் கிடைத்தது. ஆயினும், கூடுதல் நேரத்தை என்ன செய்வது என்பதும் ஒரு தேர்வே என்பதை இரண்டையும் ஒப்பிடுவோர் உணர்வர்.

எஞ்சுவது எது?

பகுத்தாலும் பகுக்காவிட்டாலும் ஏதோ ஒன்று கைவிடப்படுகிறது. விடுவது எது என்பதை இயக்குநர் தெரிந்து முடிவு செய்கிறாரா, கடைசி ஒரு மணி நேரத்தின் நெருக்கடி முடிவு செய்கிறதா என்பதில்தான் வேறுபாடு.

புலம்பெயர்ந்த தமிழருக்கு இது வெறும் திரைச்செய்தி அல்ல. பலெர்மோவில் ஈழத்தமிழர் குடியேறி நான்கு தசாப்தங்களாகின்றன. இங்கு இத்தாலிய மொழியில் கல்வி பெறும் இளையோர் லாம்பெதூசாவை மூலத்திலேயே படிக்க முடியும். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பவருக்குக் கல்கியின் ஐந்து பாகங்கள் எட்டாத தொலைவு. அவர்களைப் பொறுத்தவரை படமே நாவல். படத்தில் இல்லாத சேந்தன் அமுதனின் கதை, அவர்கள் அறிந்த கதையிலும் இல்லை.

கல்கியின் படைப்புகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. ‘பொன்னியின் செல்வன்’ முழுவதும் மதுரைத் திட்ட இணையத்தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இரண்டு படங்களும் விட்டவை அங்கே இருக்கின்றன. வீட்டில் ஒருவர் வாசித்துக் காட்டினால், ஏனையோருக்கும் அவை சென்று சேரும்.